வாயைக் கட்டலாம், பசியை யார் கட்டுவது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அக்கா, என் மகளுக்கு வயது 13, மகனுக்கு 11. வீட்டில் இருவருக்கும் ஒரே சமையல். சொல்லப்போனால் சின்னவன்தான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவான், ஆனால் ஆள் ஒல்லிக்குச்சி. மகள் சின்ன வயதிலிருந்தே பருமன். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல், 'என்னம்மா, போன வருஷத்தைவிட குண்டாயிட்டே, கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா' என்று கேட்டார்கள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவே வரவில்லை. உண்மையிலேயே வாயைக் கட்டாததால்தான் இப்படி ஆகிறதா? அவளுக்கு நான் என்ன சொல்வது?"

இந்தக் கடிதத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத ஆரம்பித்தால் அது எலிகளிடம் போய்த்தான் நிற்கும் என்று தெரிந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உண்ணும் கலோரிக்கும் செலவாகும் கலோரிக்கும் உள்ள கணக்கு எல்லாருக்கும் தெரியும். மிச்சமானது கொழுப்பாகச் சேரும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் எவ்வளவு பசிக்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் தீர்மானிக்கிறோம் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. 1986-இல் டென்மார்க்கில் சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரின் உடல்வாகை ஆராய்ந்தார்கள். அது பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களின் உடல்வாகோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும்கூட மரபணுச் சீட்டு வேறு வேறாக விழும்.

சரி, மரபணு எதைத்தான் மாற்றுகிறது? இங்கேதான் எலிகள் வருகின்றன.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று உண்டு. எலிகளை வளர்த்து அவற்றின் மரபியலை ஆராய்வதுதான் அங்கே வேலை. 1949-இல் அங்கே ஒரு கூண்டில் வழக்கத்துக்கு மாறாகக் கொழுத்த எலிகள் பிறந்தன. ஓயாமல் தின்றன, சாதாரண எலியைப் போல மூன்று மடங்கு எடை வந்தது. ஏதோ ஒரு மரபணுவில் கோளாறு. அதற்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1966-இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகைக் கொழுத்த எலி கிடைத்தது. அதற்கு நீரிழிவும் கடுமையாக இருந்தது, அதனால் 'டிபி' என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கோளாறு வேறு வேறு மரபணுவில்.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலை ஒன்றோடொன்று தைத்துவிடுவது. சில நாளில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் இணைந்து, ஒன்றின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றொன்றுக்குப் போக ஆரம்பிக்கும். கேட்கவே சங்கடமான சோதனைதான். ஆனால் ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள்தான் பசியை ஆள்கிறதா என்று அந்தக் காலத்தில் கண்டுபிடிக்க அதைவிட நேரான வழி இல்லை.

முதலில் டிபி எலியைச் சாதாரண எலியோடு தைத்தார். டிபி எப்போதும்போலத் தின்றுகொண்டே இருந்தது. சாதாரண எலியோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. தீவனம் கூண்டிலேயே இருக்கிறது, அதைத் தொடவில்லை. பட்டினியில் செத்தே போனது.

ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஓர் எலி, எதிரில் சாப்பாடு, சாப்பிடத் தோன்றவில்லை. அதன் மனவுறுதி திடீரென்று கூடிவிட்டதா? டிபி எலியின் ரத்தத்திலிருந்து 'போதும், போதும்' என்ற ஒரு செய்தி பெருவெள்ளமாக வந்து அதை மூழ்கடித்துவிட்டது. அந்தச் செய்தியை உண்டாக்கும் டிபிக்கு மட்டும் அது கேட்கவே இல்லை.

அடுத்து, ஓபி எலியையும் சாதாரண எலியையும் தைத்தார். சாதாரண எலிக்கு எதுவும் ஆகவில்லை. ஓபி எலி குறைவாகத் தின்ன ஆரம்பித்தது, எடை ஏறுவதும் குறைந்தது. அப்படியென்றால் ஓபிக்குச் செய்தியைக் கேட்கும் காது நன்றாகவே இருக்கிறது. அது தானாகச் செய்தியை உண்டாக்குவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது சோதனை, டிபியையும் ஓபியையும் சேர்த்துத் தைப்பது. இரண்டும் ஒரே மாதிரி கொழுத்தவை, ஒரே மாதிரி ஓயாமல் தின்பவை. என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். ஓபி சாப்பிடுவதை நிறுத்தி மெலிந்து செத்தது. டிபி தின்றுகொண்டே இருந்தது.

எந்தக் கருவியும் இல்லாமல், அந்தப் பொருள் என்னவென்றே தெரியாமல், வெறும் ஊசியும் நூலும் தர்க்கமும் வைத்து ஒருவர் இதை அவிழ்த்திருக்கிறார். ஒரு எலியிடம் சாவி இல்லை, இன்னொன்றிடம் பூட்டு இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத சோதனை இது. ஆனால் அப்போது பலர் இதை ஏற்கவில்லை. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, அதில் ஹார்மோனுக்கு என்ன வேலை என்றார்கள்.

1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அந்தச் சாவியைக் கண்டுபிடித்தது. பெயர் லெப்டின். மெலிந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வியப்பு என்னவென்றால், அதைச் சுரப்பது நாம் இத்தனை காலம் வெறும் மூட்டை என்று நினைத்த கொழுப்புத் திசு. கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதைப் படித்து, 'கையிருப்பு இருக்கிறது, பசியைக் குறை' என்று உத்தரவு போடும். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், உடனே பசி மணி அடிக்கும். அந்த மணியை அடிக்கும் நரம்பணுக்களை இப்போது எலியின் மூளையில் ஒளியைப் பாய்ச்சி இயக்கவே முடிகிறது. விளக்கைப் போட்டால் வயிறு நிறைந்த எலிகூடச் சில நிமிடங்களில் மறுபடியும் தீவனத்தில் பாய்கிறது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 1997-இல் இங்கிலாந்தில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோர் அடங்கிய குழு, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியது. 8 வயதுச் சிறுமி, எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு 2 வயதில் 29 கிலோ. இருவர் உடம்பிலும் லெப்டின் உருவாகவே இல்லை, அந்த ஓபி எலியைப் போல. பிறகு அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். அப்போது அவள் எடை 94 கிலோவைத் தாண்டியிருந்தது. 12 மாதங்களில் 16 கிலோ குறைந்தது. அதே பிள்ளை, அதே அம்மா, அதே அடுப்படி. மாறியது ஒரே ஒரு ஹார்மோன். அதற்கு முன்பு அந்தத் தாயை ஊரும் உறவும் என்னவெல்லாம் கேட்டிருக்கும்!

உங்கள் மகளுக்கும் அந்தக் குறைபாடுதான் என்று நான் சொல்லவில்லை. அது மிக மிக அரிது. பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைக்குத்தான் அது சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் லெப்டின் ஊசி எல்லாருக்கும் மருந்தாகவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் இந்த ஒலியின் அளவு வேறுபடுகிறது. உங்கள் மகன் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றுவிட்டு அதை எரித்தும் விடுகிறான். மகளின் உடம்பு அதைச் சேமிக்கிறது. இதில் அவனுக்குப் பாராட்டும் தேவையில்லை, அவளுக்கு ஏச்சும் தேவையில்லை.

வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்களின் உடம்பு ஓய்வில் இருக்கும்போது எரிக்கும் அளவு, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. ஒருவேளைச் சாப்பாட்டையே உடம்பு மிச்சம் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 10 வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். ஓராண்டு கழிந்த பிறகும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கட்டின வாய்க்குப் பின்னால் மூளை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் இரண்டு நாள் தாங்கலாம். வருஷக்கணக்கில்?

இப்போது ஏளனத்துக்கு வருகிறேன். திட்டினால், வெட்கப்படுத்தினால் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்று நம் வீடுகளில் உண்மையாகவே நம்புகிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கல்லூரிப் பெண். பரிமாறுபவர் அவள் இலையில் ஒரு ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனார். எதிர்வரிசையில் இருந்த பெரியம்மா எட்டி அதை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டு, "உனக்கு எதுக்குடி இது" என்றார். பாசம்தான், சந்தேகமில்லை. அந்தப் பெண் சிரித்தாள். அதற்கப்புறம் சாம்பார் சாதத்தை விரலால் அளைந்துகொண்டே இருந்தாள், ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். பிறகு அவளைத் தேடிப் போனபோது, கார் நிறுத்துமிடத்தில் நின்று பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று ஊகிக்க முடியும். பிறர் நம்மை மட்டமாக மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வு, கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனைக் கூட்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கார்டிசால் பசியைத் தூண்டும், அதுவும் இனிப்பையும் கொழுப்பையும் தேடும் பசியை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரவும் அது வழி செய்கிறது. அமெரிக்காவில் 6,000-க்கும் அதிகமானோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. எடைக்காகத் தங்களை மோசமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்களுக்கு, அப்படி நடத்தப்படாதவர்களைவிடப் புதிதாக மிகைப் பருமன் ஆவதற்கான வாய்ப்பு 2.5 மடங்கு இருந்தது. குறைக்கிறேன் என்று பெரியம்மா செய்தது கூட்டும் வேலை.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1992-இல் கல்வி அமைச்சு, எடை கூடிய மாணவர்களுக்காக 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக 'டாஃப்'. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'ஃபேட்' என்று வரும், பிள்ளைகள் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் உணவகத்தில் இருக்க, இவர்கள் திடலில் ஓடினார்கள். அந்த ஆண்டுகளில் எடை கூடிய மாணவர்களின் விகிதம் குறைந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகள் தனித்துக் காட்டப்பட்டு ஏளனத்துக்கு ஆளானார்கள் என்ற குறை வலுத்தது. 2007-இல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான உடல்நலத் திட்டம் வந்தது. அன்று திடலில் ஓடியவர்களுக்கு இன்று 30, 40 வயது. அவர்களில் பலர் இன்னும் அந்த மூன்று எழுத்துகளைக் கேட்டால் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எடை கூடினால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே சீனர்களைவிட இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம். ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு, 23-ஐத் தாண்டினாலே ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது என்றுதான் இங்கே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 2016-இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அரசாங்கம் அறிவித்தது. நோயோடு போர் சரி. அது நோயாளியோடு போராக மாறும்போது என்ன ஆகிறது தெரியுமா? கேலிக்குப் பயந்தவர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். இணையத்தில் விற்கும் 'மூலிகை' எடைக் குறைப்புப் பொடியை ரகசியமாக வாங்குகிறார். அப்படிப்பட்ட பொடிகளிலும் காப்பியிலும் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் மறுபடி மறுபடி கண்டுபிடித்து எச்சரிக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும் என்று 2010-இலேயே விலக்கப்பட்ட மருந்து அது. 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1949-இல் ஒரு கொழுத்த எலியைப் பராமரிக்கக் காசு ஒதுக்கியவர்களுக்கு அதனால் என்ன பயன் வரும் என்று தெரியாது. சாவி கைக்கு வர 45 ஆண்டு ஆயிற்று. நம் அரசாங்கம் 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது, பெருமைதான். அதில் உடனடிப் பயன் எதுவும் காட்டாத கேள்விகளுக்கும் தாராளமாக இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, உங்கள் மகளுக்கு. எடை சமீபத்தில் திடீரென்று ஏறியிருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள், தைராய்டையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பிஎம்ஐ கணக்குப் பொருந்தாது, வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தை வைத்துத்தான் மருத்துவர் சொல்வார். இனிப்புப் பானத்தைக் குறைப்பது, நேரத்துக்குத் தூங்குவது, சாயங்காலம் நடப்பது எல்லாம் ஒல்லிக்குச்சித் தம்பிக்கும் நல்லதுதான். வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து செய்யுங்கள், அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீர்கள். அடுத்த தீபாவளிக்கு யாராவது வாயைத் திறந்தால், அவள் பதில் சொல்லும் முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்: "அவளோட உடம்பைப் பத்தி இந்த வீட்டுல பேசுறது இல்ல அத்தை, முறுக்கு எடுத்துக்கோங்க."

அவளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் படிக்கிற பிள்ளை. ஒரு தாளில் இரண்டு எலிகளை ஒட்டினாற்போல் வரைந்து, கோல்மனின் முதல் இரண்டு சோதனைகளை மட்டும் சொல்லுங்கள். மூன்றாவதில் என்ன நடக்கும் என்று அவளையே கேளுங்கள்.