ராத்திரி 2 மணிக்கு சாட்ஜிபிடியிடம் கேட்கப்படும் கேள்விகள்

பதற்ற நோயோடு எங்கள் மனநல ஓபிக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைப் பத்தி எதுலயெல்லாம் தேடிப் பார்த்தீங்க?" முன்பெல்லாம் கூகுள், யூடியூப் என்று பதில் வரும். இப்போது சாட்ஜிபிடி, ஜெமினி என்று கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறார்கள், வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததை ஒப்புக்கொள்கிற மாதிரி. திட்டுவதற்காக நான் கேட்பதில்லை. எந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டார்கள் என்று பார்த்தால் நோயின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

முப்பதுகளில் இருக்கும் ஒருவர் போனையே என்னிடம் நீட்டினார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்சுப் படபடப்பு. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். இதய மருத்துவர்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார். முதல் கேள்வி: "இடது கையில் லேசாக வலி. ஈசிஜி நார்மல். ஹார்ட் அட்டாக்காக இருக்குமா?" பதில் நிதானமாக இருந்தது. வாய்ப்பு குறைவு, பதற்றத்தாலும் இப்படி வரும், ஆனால் வலி கூடினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கேள்வி: "ஈசிஜி நார்மலாக இருந்தும் அட்டாக் வந்தவர்கள் உண்டா?" உண்டு என்றது. உண்மைதானே. அப்புறம், "எத்தனை பேருக்கு?" அப்புறம், "எனக்கு சிகரெட் பழக்கம் இல்லை, அப்பாவுக்கு சுகர், இப்போது சொல்லுங்கள்." விடியற்காலை வரை போயிருக்கிறது.

மருத்துவரீதியாக அதில் ஒரு பதில்கூடத் தப்பில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு மறுநாள் ராத்திரி பயம் கூடித்தான் இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பேனிக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம், வரும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, இதயம் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தையே ஆபத்தின் அறிகுறி என்று மூளை எடுத்துக்கொள்வதால் இன்னும் அட்ரினலின். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது தானாக இறங்கிவிடும். இந்த நோயில் மனம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்தத் 'தானாக' என்பதுதான். உச்சத்தில் இருக்கும்போது யாரிடமாவது கேட்டு, "ஒண்ணும் இல்லை" என்ற பதிலை வாங்கிவிட்டால் பயம் இறங்கிய பெருமை அந்தப் பதிலுக்குப் போய்விடுகிறது. அடுத்த தடவையும் பதில் வேண்டும், சீக்கிரமாக வேண்டும்.

மனைவியிடம் கேட்டால் மூன்றாவது தடவை "பேசாம தூங்குங்க" என்று சொல்லிவிடுவார். அந்தச் சலிப்பு ஒருவகையில் நோயாளிக்கு நல்லது. ஏஐக்குச் சலிப்பே வருவதில்லை. ஐம்பதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பொறுமையாக விளக்கும்.

எண்ணச் சுழற்சி நோயில், அதாவது ஓசிடியில், இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு அம்மாவின் போன் கேலரி முழுக்க கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் படங்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்புவதற்கு முன், மூடிய நிலையில் ஒரு படம். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்லிக் கொடுத்த யோசனை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். சில நாள் உதவியது. பிறகு, இது இன்றைக்கு எடுத்த படமா, நேற்று எடுத்ததா என்று ஒரு சந்தேகம். படத்தில் நேரம் தெரிகிற மாதிரி சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்து எடுக்க ஆரம்பித்தார். படம் எடுத்த பிறகு கை தவறி திறந்துவிட்டிருந்தால்? வீடியோ. சிகிச்சையில் நாங்கள் முதலில் கைவைத்தது மாத்திரையோடு அந்த கேலரியிலும்தான். வீடியோவை நிறுத்தினோம், பிறகு கடிகாரத்தை, கடைசியில் படத்தை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சில் நிமிடத்துக்கு ஒரு தடவை நாடித்துடிப்பைப் பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கணினிக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பதற்ற நோய்க்கு நம்மிடம் இருக்கும் நல்ல சிகிச்சைகளில் சிலவற்றைக் கணினி வழியாகவே தர முடியும். அது பயத்தை நோக்கி நம்மை அழைத்துப் போகிறதா, பயத்திலிருந்து தப்பிக்க வழி காட்டுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உளவியலாளர் பார்பரா ராத்பாமும் கணினி அறிஞர் லேரி ஹாட்ஜஸும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். உயரத்தைக் கண்டால் பயப்படும் கல்லூரி மாணவர்களுக்குத் தலையில் மாட்டும் திரையைக் கொடுத்து, கண்ணாடி லிஃப்ட், தொங்கு பாலம், பால்கனி என்று கணினியில் வரைந்த இடங்களில் நிற்க வைத்தார்கள். அன்றைய கிராஃபிக்ஸ் இன்றைய குழந்தைகளின் கேமைவிட மட்டம். அப்படியும் வியர்த்தது, கால் நடுங்கியது. அங்கேயே நின்று பழகப் பழக பயம் குறைந்தது. சிகிச்சை பெற்றவர்களில் பலர், யாரும் சொல்லாமலே நிஜமான உயரங்களுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய கருவிகூட வேண்டாம். ஊசி, ரத்தம் என்றால் மயங்கி விழும் ஒரு மாணவிக்கு நாங்கள் பயன்படுத்தியது என் மேஜையில் இருக்கும் லேப்டாப். முதலில் மூடி போட்ட சிரிஞ்சின் படம். பயத்துக்கு 0-லிருந்து 100-க்குள் ஒரு மார்க் போடச் சொன்னேன். 70 என்றார். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், திரையின் ஓரத்தில் இருக்கும் பேட்டரி குறியைப் பார்த்துத் தப்பிக்கக் கூடாது. (அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.) 70 மெல்ல 50 ஆகி, 30 ஆனது. அடுத்து ஊசி போடும் வீடியோ, சத்தம் இல்லாமல். அடுத்து சத்தத்தோடு. இந்தப் பயத்தில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், இதில் ஏறி, சட்டென்று விழும். அதனால் "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொன்னால் மயக்கம் சீக்கிரம் வரும். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் முறைப்படுத்திய உத்தி இது. பிறகு அந்தப் பெண் கீழே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கடைசிப் படியை மட்டும் லேப்டாப்பால் ஏற்ற முடியாது.

சரி, டாக்டரே வேண்டாம், கணினி மட்டும் போதுமா? பிரிட்டனில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பேனிக், ஃபோபியாவுக்கு 'ஃபியர்ஃபைட்டர்', மன அழுத்த நோய்க்கு (டிப்ரஷன்) 'பீட்டிங் த புளூஸ்' என்ற கணினி வழி சிகிச்சைகளை, எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று அந்நாட்டில் வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2006-லேயே பரிந்துரைத்தது. ஆனால் மன அழுத்த நோயாளிகள் 691 பேரை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், வழக்கமான குடும்ப மருத்துவர் சிகிச்சையோடு கணினி நிரலைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலோர் ஒன்றிரண்டு பாடங்களோடு நிறுத்திவிட்டார்கள். வாராவாரம் போன் வந்தது, ஆனால் அது நிரலைப் பயன்படுத்த உதவும் போன், சிகிச்சையாளரின் போன் இல்லை. ஸ்வீடனிலோ இணையவழி சிகிச்சையில் உளவியலாளர் ஒருவர் வீட்டுப்பாடத்தைப் படித்து வாரத்துக்குச் சில நிமிடங்களாவது பதில் எழுதுகிறார். பேனிக், சமூகப் பயம் போன்றவற்றில் நேரடி சிகிச்சைக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் கிடைக்கிறது. 'நான் செய்தேனா இல்லையா என்று பார்க்க ஒரு ஆள் இருக்கிறார்' என்பதற்கே அவ்வளவு மதிப்பு.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது லண்டனில் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் தொடங்கிய அவதார் சிகிச்சை. காதில் குரல் கேட்கிறவர்களுக்கானது. மாத்திரை சாப்பிட்டும் வருடக்கணக்கில் "நீ உதவாக்கரை, செத்துப் போ" என்று கேட்டுக்கொண்டிருக்கும் குரல். அந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட முகம், எப்படிப்பட்ட தொனி என்று நோயாளியே சொல்லச் சொல்ல, கணினியில் ஒரு முகத்தை உருவாக்குகிறார்கள். சிகிச்சையாளர் மைக்கில் பேசுவது அந்த முகத்தின் வாய் வழியாக, மாற்றிய குரலில் வரும். முதலில் அது வழக்கமான வசவைச் சொல்லும். நோயாளி எதிர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நடுநடுவே அதே சிகிச்சையாளர் தன் சொந்தக் குரலில் "இன்னும் உரக்கச் சொல்லுங்கள்" என்று தைரியம் கொடுப்பார். வாரங்கள் போகப் போக அந்த முகம் மெல்லப் பணிந்து வரும். 150 பேரை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் சாதாரண ஆலோசனையைவிட இதில் குரல்களின் தொல்லை அதிகமாகக் குறைந்தது. 24 வாரங்களில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கும் கணினிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், எப்போது பணிய வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்கிறார்.

ஆள் இல்லாத கணினியிடம் மனம் திறப்பதும் புதிதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ஒரு சின்ன நிரல். அதற்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்ததும் அவரை அறையை விட்டுக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னாராம். இன்றைய ஏஐ அதைவிடப் பல மடங்கு நன்றாகப் பேசும். எனவே மக்கள் பேசுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூச்சத்தில் யாரிடமும் சொல்லாத ஒருவர் முதன்முதலில் அதனிடம் எழுதிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி, ஓபியில் நான் சொல்வது. புதிதாக ஒரு அறிகுறி வந்தால் மருத்துவரைப் பாருங்கள், பரிசோதனையை ஒரு தடவை முறையாகச் செய்துகொள்ளுங்கள். நார்மல் என்று வந்த பிறகு அதே கேள்வியை எங்கேயும் கேட்காதீர்கள், என்னிடமும்தான். கேட்கத் தோன்றினால் கேள்வியைத் தாளில் எழுதி, நேரத்தைக் குறித்து, இருபது நிமிடம் தள்ளிப் போடுங்கள். முதல் சில தடவை கஷ்டமாக இருக்கும். ஏஐயிடம்தான் பேசுவேன் என்றால், "ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்பதற்குப் பதிலாக, "எனக்கு உடல்நலம் பற்றிய பதற்றம் இருக்கிறது, திரும்பத் திரும்ப உறுதி கேட்டால் தராதே, நான் எழுதிவைத்த பயிற்சியைச் செய்யச் சொல்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஓரளவு கேட்கும். பதற்றத்தின் அளவைப் பார்க்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டு வரலாம். மொத்தம் 21 மார்க், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வந்து பாருங்கள். தினமும் நிரப்ப வேண்டாம், அது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய படிவம். தினமும் நிரப்பினால் அதுவும் ரெகுலேட்டர் படம் மாதிரி ஆகிவிடும். செயலி சொன்னது என்று மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அதிலும் பதற்றத்தைத் தணிக்கத் தரும் க்ளோனாஜெபம் வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

யாரோ பின்தொடர்கிறார்கள், டிவியில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் உள்ளவர்களைச் சாட்பாட்டோடு தனியே விடாதீர்கள். நாம் சொல்வதை ஒத்துக்கொண்டு பேசும் சுபாவம் அதற்கு அதிகம். அந்தச் சந்தேகத்துக்கும் தலையாட்டிவிடும் அபாயம் உண்டு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் செயலி வேண்டாம், மனிதக் குரல் வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் மாற்றிவிடுவார். உங்களுக்காக மட்டுமில்லை, வீட்டில் இன்னொருவரை நினைத்துப் பயமாக இருந்தாலும் அதே எண்ணை அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.