கிரேப் மிர்ட்டில்: எங்கே வெட்டினால் பூ வரும்?

கிரேப் மிர்ட்டில் பூவிலிருந்து ஓர் இதழைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடியில் நூல் போல மெல்லிய காம்பு. அதன் மேல், கசக்கிப் பிரித்த கிரேப் துணி மாதிரி ஒரு சின்னத் துண்டு. மொட்டுக்குள் மடங்கிக் கிடந்தபோது விழுந்த சுருக்கம் விரிந்த பிறகும் போவதில்லை. மாதுளம்பூ இதழிலும் இதே கசங்கல் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், நம் மருதாணியும் அதே குடும்பம்தான். பெயரில் மிர்ட்டில் என்று இருக்கிறதே தவிர, உண்மையான மிர்ட்டில் குடும்பத்துக்காரர்கள் கொய்யாவும் நாவலும். சாலையோரத்தில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும் பூமருது, இந்தச் செடிக்கு அண்ணன் முறை.

நர்சரியில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருவோம். வீட்டில் இலை தளதளவென்று வரும், பூ மட்டும் வராது. எங்கள் வீட்டுச் செடியும் இரண்டு வருடம் இப்படித்தான் இருந்தது. வேப்பமர நிழலில் மதில் ஓரமாக வைத்திருந்தேன். தளிரெல்லாம் மாவு தூவியது போல வெள்ளை படிந்து சுருண்டது. சாம்பல் நோய். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து நீரைக் குறைத்தேன், பலனில்லை. இது ஒரு பூஞ்சை. ஆனால் மற்ற பல பூஞ்சைகளுக்கு வேண்டியிருப்பதுபோல் இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரமும் நிழலும் இருந்தால் போதும், இலைத் தோலின் செல்களுக்குள் உறிஞ்சிகளை இறக்கிக் கொழுத்துவிடும். மூன்றாம் வருடம், இலை உதிர்ந்திருந்த நேரத்தில் வேர்மண்ணோடு பெயர்த்து, நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு மாற்றினேன். அந்தக் கோடையிலேயே பூத்தது. இந்தச் செடிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

யூரியாவை அள்ளிப் போடுவதும் பூவைத் தள்ளிப்போடும். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையும் தண்டுமாகவே ஓடிக்கொண்டிருக்கும், அந்த இளந்தழையைத்தான் சாம்பல் நோயும் தேடி வரும். வருடத்துக்கு ஒரு தடவை மக்கிய எரு போதும்.

சரி, கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு வருவோம். இந்தச் செடியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

மாமரம் முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். நேரம் தப்பி நுனியை வெட்டினால் அந்த வருடப் பூவே போய்விடும். கிரேப் மிர்ட்டில் மல்லிகையைப் போல, கொய்யாவைப் போல, அந்தப் பருவத்தில் புதிதாக வந்த தளிரில்தான் பூக்கும். தளிரின் நுனிமொட்டு ஓர் அளவுக்கு இலைகளை விட்டுக்கொண்டே போய், பிறகு பூங்கொத்தாக மாறிவிடுகிறது. அதோடு அந்த நுனியின் வளர்ச்சி முடிந்தது. ஆகவே ஒரு நுனிக்கு ஒரு கொத்து. நிறையப் பூ வேண்டுமென்றால் நிறைய நுனி வேண்டும்.

நுனியைப் பெருக்குவது எப்படி? வளரும் நுனி, ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து தண்டு வழியே கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை, இலைக் கக்கத்தில் உள்ள மொட்டுகள் எழுந்திருக்காது. நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை நீங்குகிறது. வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று மொட்டுகள் விழித்துத் தளிர்விடும். பூ உதிர்ந்ததும் பச்சைக் காய்கள் பட்டாணி போலத் திரளும். விதையை வளர்க்கச் செடி தன் சர்க்கரையை அங்கே கொட்டத் தொடங்கும் முன், கொத்தை இரண்டு இலைக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சில வாரங்களில் அதே கிளையில் மறுபடி பூ வரும்.

பெரிய கவாத்தை இலை உதிரும் மார்கழி, தை மாதங்களில் செய்யலாம். உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, பென்சிலைவிட மெல்லிய குச்சி, அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகள், இவ்வளவையும் எடுத்தால் போதும். தலையை மொட்டையடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கை பருமனுள்ள கிளைகளை ஒரே உயரத்தில் தறித்தால், வேரில் சேர்ந்திருந்த சத்தெல்லாம் மிஞ்சிய சில மொட்டுகளுக்குள் பாயும். சாட்டை மாதிரி நீளத் தளிர்கள் கிளம்பும். அவை பட்டைக்கு அடியிலிருந்து வெடித்து வந்தவை, மரத்தின் உட்கட்டையோடு இன்னும் இறுகவில்லை. ஒரு மழையில் நனைந்த கொத்தின் கனத்துக்கே அடியோடு பிய்ந்துவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு இந்த மரம் உண்டு. அங்கே இப்படித் தறிப்பதை மரத்தின் பெயரைத் திரித்து ‘கிரேப் மர்டர்’, அதாவது கொலை என்றே சொல்கிறார்கள். மொட்டையடித்தால் பட்டையின் அழகும் போய்விடும். வயதான மரம் கொய்யாவைப் போலவே மெல்லிய செதில்களாகப் பட்டையை உதிர்த்து, அடியில் வழவழவென்று மின்னும். ஜப்பானில் இதன் பெயர் ‘சாருசுபெரி’, குரங்கே வழுக்கும் மரம்.

நல்ல வெயிலில் வைத்தும் சாம்பல் நோய் விடவில்லையென்றால் ரகத்தை மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் யாகுஷிமா தீவைச் சேர்ந்த இதன் உறவுச் செடி ஒன்று, நோயைத் தாங்கும். அதை இதோடு இணைத்து வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் கலப்பினங்களை உருவாக்கினார். 1978-இல் வெளிவந்த வெள்ளைப் பூ ‘நாட்செஸ்’ அவற்றில் ஒன்று.

கவாத்தில் விழுந்த குச்சிகளை எறிந்துவிட வேண்டாம். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழம்பாது. குச்சியிலும் ஆக்சின் நுனியிலிருந்து அடிக்குத்தான் இறங்குகிறது. அடியில் தேங்கும் இடத்தில்தான் வேர் பிடிக்கும். மணல் கலந்த மண்ணில் பாதி நீளம் புதையும்படி, சாய்ந்த முனை கீழே இருக்குமாறு நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.