ஏழு கிணறு, எட்டு எண்

திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. ஏழையும் அளந்து, வரிக்கு ஒரு வெப்பநிலையாகக் கோப்பில் எழுதி, சராசரி காண சி மொழியில் நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டினால் எட்டு எண்கள் வருகின்றன. கடைசிக் கிணற்றின் சூடு இரண்டு தடவை வந்திருக்கிறது.

கோப்பில் பிழை இல்லை. ‘கோப்பு முடியும்வரை படி’ என்று நினைத்து, எஃப்இஓஎஃப் சார்பைச் சுழற்சியின் நிபந்தனையாக வைத்ததுதான் கோளாறு. அந்தச் சார்பு முன்கூட்டியே எட்டிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே நடந்த வாசிப்பு முடிவைத் தொட்டதா என்பதை மட்டும் சொல்லும். ஏழாவது எண்ணைப் படித்த பிறகும் ஒரு வரிமுறிவு மிச்சம் இருப்பதால், இன்னும் தொடவில்லை என்றே பதில் வருகிறது. எட்டாவது முறை, கோப்பிலிருந்து எண்ணைப் படிக்கும் எஃப்ஸ்கேன்எஃப் சார்பு வரிமுறிவைத் தாண்டிப் போய், எண் கிடைக்காமல் திரும்புகிறது. மாறியில் பழைய மதிப்பு அப்படியே கிடக்க, நிரல் அதையே மறுபடி கூட்டிவிடுகிறது. கடைசி எண்ணுக்குப் பின் வரிமுறிவே இல்லையென்றால் இந்தப் பிழை தலைகாட்டாது. அதனால்தான் ஒருவருடைய கோப்பில் சரியாக ஓடும் நிரல் இன்னொருவருடையதில் தடுமாறுகிறது.

எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாகப் படித்தேன் என்பதை எஃப்ஸ்கேன்எஃப் ஒவ்வொரு முறையும் திருப்பித் தருகிறது. அது 1 ஆக இருக்கும்வரை மட்டும் சுழற்சியை ஓட்டினால் எட்டாவது எண் வராது.

சரி, நாலாவது வரியில் யாரோ 39.5 என்பதற்குப் பதிலாக 39,5 என்று அடித்துவிட்டால்? எஃப்ஸ்கேன்எஃப் 39ஐ எடுத்துக்கொண்டு காற்புள்ளியில் நின்றுவிடும். அடுத்த முறையும் அதே காற்புள்ளிதான் முன்னால் நிற்கும், ஏனென்றால் எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை அது விழுங்குவதில்லை. பழைய சுழற்சியாக இருந்தால் முடிவைத் தொடாமலே முடிவின்றி ஓடும். புதியது நாலு எண்ணோடு சத்தமில்லாமல் நின்றுவிடும், அதுவும் ஆபத்துதான். எஃப்இஓஎஃப்பைக் கேட்க வேண்டிய இடம் இதுதான்: சுழற்சி முடிந்த பிறகு. முடிவைத் தொடவில்லை என்று அது சொன்னால், நடுவில் ஏதோ தடுத்திருக்கிறது.

இன்னொரு வழக்கமான தவறு, டபுள் வகை மாறிக்கு ஃப்ளோட்டுக்குரிய வடிவக் குறியை, அதாவது எந்த வகை எண்ணைப் படிக்க வேண்டும் என்று எஃப்ஸ்கேன்எஃப்புக்குச் சொல்லும் குறியைக் கொடுப்பது. இரண்டும் தசம எண்ணுக்கான வகைகள். பெரும்பாலான கணினிகளில் டபுள் 8 பைட், ஃப்ளோட் 4 பைட். பாதி இடம் நிரப்பப்படாமல் போய் அர்த்தமற்ற எண் வரும். நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியின் எச்சரிக்கைகளை முழுவதும் திறந்துவைத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மனிதர் கையால் தட்டிய கோப்புக்கு நான் எஃப்ஸ்கேன்எஃப்பை நம்பமாட்டேன். எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியை எடுத்து, எஸ்டிஆர்டிஓடி சார்பிடம் கொடுப்பதே நல்லது. அது எண்ணைத் தருவதோடு, எந்த எழுத்தில் நின்றது என்பதையும் சொல்லும். தொடங்கிய இடத்திலேயே நின்றால் வரியில் எண்ணே இல்லை. நின்ற இடத்துக்குப் பின்னால் வெற்றிடமோ வரிமுறிவோ தவிர வேறு ஏதாவது இருந்தால் வரி பழுது. எழுத்துகளை எண்ணாக மாற்றும் இன்னொரு சார்பான ஏடிஓஎஃப் இதற்கு உதவாது; வெறும் எழுத்துகளைக் கொடுத்தாலும் 0 என்று சொல்லிவிடும், உண்மையான 0வா பிழையா என்று பிரித்தறிய வழியில்லை.

பழுதான வரியைத் தாண்டிப் போகலாமா? ஆறு கிணற்றின் சராசரியை ஏழு கிணற்றுடையதாக அறிவிப்பது பொய். வரி எண்ணையும் அந்த வரியையும் அச்சிட்டு, நிரல் அங்கேயே நிற்கட்டும்.