'ஸ்டெம் ஃப்ரொம்': அடியைப் பார்க்கச் சொல்லும் தொடர்

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு ஒருமுறை ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு மாற்றியது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. 'பயிர்ச்சேதமானது துருசு திறப்பதில் ஏற்பட்ட தாமதத்திலிருந்து தோன்றுகின்றது' என்று கூட்டத்தில் வாசித்தேன். (துருசு என்பது குளத்து மதகு.) பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "துருசு திறக்கப் பிந்தியதால் பயிர் அழிந்தது என்றுதானே மாஸ்டர் எழுதியிருக்கிறார்கள்?"

அதேதான். அவர் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

அந்த வரியின் பின்னால் இருந்த ஆங்கிலத் தொடர் 'ஸ்டெம் ஃப்ரொம்' (stem from). ஒன்று இன்னொன்றைக் காரணமாகக் கொண்டு உண்டாவதை அது குறிக்கும். பிணக்கு, பயம், பழக்கம், நட்டம் போன்றவற்றின் காரணத்தைச் சொல்லும்போது அதிகம் வரும். ஆங்கிலத்தில் விளைவு முன்னே நிற்கும், காரணம் பின்னே வரும். தமிழில் பெரும்பாலும் காரணத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் விளைவுக்கு வருவோம். இந்த வரிசையை மாற்றாமல் மொழிபெயர்ப்பதால்தான் பாதி வாக்கியங்கள் நொண்டுகின்றன.

'ஸ்டெம்' என்றால் செடியின் தண்டு, மரத்தின் அடிமரம். பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். ஆனால் 'காரணமாகக் கொண்டு உண்டாதல்' என்ற பொருள் மிகப் பிந்தியது. 1930களில்தான் அமெரிக்க ஆங்கிலத்தில் அது பதிவாகிறது. அடிமரத்தையும் குலத்தையும் குறிக்கும் 'ஷ்டாம்' என்ற ஜெர்மன் சொல்லோடு உறவுள்ள 'ஷ்டாமன்' என்னும் வினையைப் பார்த்து அது வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் கருத்து.

மாணவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இங்கே உண்டு. தடுத்தல், மறித்தல் என்ற பொருளிலும் ஒரு 'ஸ்டெம்' இருக்கிறது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு: அது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, அணை கட்டி மறிப்பதைக் குறித்தது. இரணைமடுக் குளக்கட்டு தண்ணீரை மறிப்பது இந்த 'ஸ்டெம்'. பின்னால் 'ஃப்ரொம்' இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இனித் தமிழுக்கு வருவோம். 'இலிருந்து' என்பது நீங்கலைக் காட்டுவது. குளத்திலிருந்து தண்ணீர் வருகிறது, மரத்திலிருந்து இலை விழுகிறது. தாமதத்திலிருந்து சேதம் அப்படிப் பிரிந்து வரவில்லை. அங்கே 'ஆல்' போதும்: 'பிந்தியதால்'. இரண்டெழுத்தில் முடிகிற வேலைக்கு 'தோன்றுகின்றது' எதற்கு?

தண்டு என்ற உருவகத்தையும் கொண்டுவர விரும்பினால், அதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: அடி. 'கிங் ஜேம்ஸ்' ஆங்கில விவிலியத்தின் ஏசாயா 11ஆம் அதிகாரத்தில் 'ஸ்டெம்' வருகிற இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி' என்கிறது. அங்கே 'இலிருந்து' பொருந்துகிறது, ஏனென்றால் துளிர் உண்மையாகவே மரத்திலிருந்து வெளியே வருகிறது. தமிழ் இலக்கணமோ இதே தொடரை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறது. 'விளைவு' என்பது 'விளை' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் என்று படிக்கிறோமே, அந்த 'அடியாகப் பிறந்த' என்பதைவிட நெருக்கமான நிகர் எனக்குத் தெரியவில்லை. 'அச்சம் அடியாகப் பிறந்த கோபம்' என்று எழுதிப் பாருங்கள்.

அடி என்ற சொல்லின் அருமையை எனக்குக் காட்டியது இலக்கணப் புத்தகம் அல்ல. அதே பெரியவரின் வயலில் ஒரு நாள் நின்றேன். காலபோக நெல் ஓரிடத்தில் வட்டமாக மஞ்சளித்துக் கிடந்தது. உரம் போதவில்லை என்று நினைத்தேன். அவர் வரம்பிலிருந்து இறங்கி, குனிந்து, பயிரை இரு கையாலும் விலக்கினார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தாளின் அடியில், கபில நிறத்தில் அறக்கொட்டிப் பூச்சி மொய்த்திருந்தது. "இலையைப் பார்த்து மருந்தடிக்கக் கூடாது மாஸ்டர், அடியைப் பாருங்கள்" என்றார். சாற்றை உறிஞ்சுவது அங்கே, காய்வது மேலே.

வள்ளுவர் 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்றபோது 'முதல்' என்று சொன்னதும் காரணத்தைத்தான். மரத்தின் அடிக்கும் முதல் என்ற பெயர் உண்டு. வித்து, வேர், முதல், அடி, விளைவு: காரணகாரியம் பேசும் நம் சொற்கள் பல வயலிலும் தோட்டத்திலும் பிறந்தவை. எனவே இடம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அன்றாடச் செய்திக்கு 'ஆல்'. நீண்டகாலப் பகைக்கு 'இதன் வேர் காணிப் பிணக்கில் இருக்கிறது'. ஆய்வுக் கட்டுரைக்கு 'அடியாகப் பிறந்த'.

ஆற்றுக்கு மட்டும் இவற்றில் எதுவும் பொருந்தாது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் உற்பத்தியாகி வடக்கே ஓடிவருகிறது என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் ஆறு உற்பத்தியாவதற்குப் பெரும்பாலும் 'ஸ்டெம் ஃப்ரொம்' வராது, 'ரைஸ்' (rise) என்பார்கள்.