பாஸ்: விண்கலத்தோடு பேசக் கிடைக்கும் வேளை

பாஸ் என்றதும் பேருந்துச் சீட்டும் பரீட்சை முடிவும்தான் நமக்கு ஞாபகம் வரும். விண்கலத்தோடு பேசுகிறவர்களின் பாஸ் வேறு. ஒரு தரை நிலையத்தின் தொடுவானத்தில் கலம் எழுந்து மறுபக்கம் இறங்கும்வரை உள்ள நேரம் அது. அந்த நேரத்தில் ஆன்டெனாவை அந்தக் கலத்துக்கென ஒதுக்கித் தரும் பங்குக்கும் அதுதான் பெயர்.

லத்தீனில் பாஸுஸ் என்றால் காலடி. அதிலிருந்து கடந்து செல்லுதல் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் நிஜமாகவே வானத்தைக் கடந்துவிடுகிறது, பெயர் பொருந்துகிறது. சனிக்குப் போன கலமோ பூமி சுழல்வதால்தான் எழுந்து மறைகிறது. அங்கே ஒரு பாஸ் பல மணி நேரம் நீளும்.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் புரட்டினால் அனுமதிச்சீட்டு, தேர்ச்சி, கணவாய் என்று வரும். (கணவாய் என்றால் மீன் சந்தை நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு.) 'கடப்பு' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் பங்கு என்ற பொருள் அதில் இல்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுவார்களே, அந்த 'முறை'தான் கருத்துக்கு மிக நெருக்கம். அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா என்று நாசாவுக்கு இருக்கும் மூன்று இடத்து ஆன்டெனாக்களைப் பல கலங்கள் அப்படித்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் 'தொடர்பு முறை' என்று எழுதினால் பேசும் விதம் என்று படித்துவிடுவார்கள். அதனால் என் தேர்வு 'தொடர்பு வேளை'.

ஒரு தொடர்பு வேளை தவறினால் பொதுவாகப் பெரிய மோசமில்லை; பதிவுக் கருவியில் இருப்பதை அடுத்த வேளையில் இறக்கிக்கொள்ளலாம். பயணத்தின் கடைசியில் அந்த வசதி கிடையாது. 2017 செப்டம்பர் 15 அன்று சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் அந்தக் கோளுக்குள் விழுந்தபோது சேமித்து அனுப்ப நேரமே இல்லை. அளந்ததை அப்போதைக்கப்போதே அனுப்பியாக வேண்டும். காசினியின் ஆன்டெனா அதன் உடலோடு பொருத்தப்பட்டது, தனியாகத் திரும்பாது. அதைப் பூமிப் பக்கமே வைத்திருக்க வேண்டியிருந்ததாலும் தகவல் அனுப்பும் வேகம் குறைவானதாலும் படம் எடுப்பதை விட்டுவிட்டார்கள். கடைசிப் படங்கள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன.

கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனாவில் அந்த ஊர் நேரப்படி இரவு 9.55-க்கு சிக்னல் நின்றது. சனியிலிருந்து அது வர 83 நிமிடம். அப்படியானால் அந்த வேளையின் கடைசி 83 நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தது, ஏற்கெனவே இல்லாமல் போயிருந்த ஒரு கலத்தின் பேச்சை.