மோஹிட்டோ: சொல்லும் பொருளும், மது சேராத செய்முறையும்

மோஹிட்டோ (பெயர்ச்சொல்): புதினா இலை, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சோடா, பனிக்கட்டி ஆகியவை சேர்ந்த உயரக் குவளைப் பானம். பிறந்த இடம் கியூபா. அங்கே செய்யும் மூல வடிவத்தில் வெள்ளை ரம் உண்டு. ரம் சேர்க்காமல் செய்வதையே உணவகப் பட்டியல்கள் ‘வர்ஜின் மோஹிட்டோ’ என்று எழுதுகின்றன. கோடையில் பலரும் தேடுவது இந்த இரண்டாவதைத்தான். இங்கே விளக்குவதும் அதையே.

முதலில் ஒலிப்பு. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘மொஜிட்டோ’ என்று எழுதுவது தவறு. ஸ்பானிய மொழியில் அந்த இடத்து மெய் தொண்டையிலிருந்து வரும் ஹகர ஒலி. ‘மோஹிட்டோ’ என்பது அதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் ‘ட்ட’ ஆங்கிலம் வழியாக வந்தது. ஸ்பானியர் அந்த எழுத்தை நாக்கைப் பல்லில் ஒட்டி, நம் தகரத்தைப் போலவே ஒலிக்கிறார்கள். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் ‘மகன்’ என்பதில் போல மென்மையாகி ஹகரத்தை ஒட்டி ஒலிக்கும். ஆகவே ‘மோகித்தோ’ என்று எழுதினால் கிரந்த எழுத்தும் தேவையில்லை, மூல ஒலியும் கெடாது. எங்கள் பரிந்துரை அதுதான். இந்தக் கட்டுரையில் பரவலாகப் பழகிய ‘மோஹிட்டோ’வை வைத்துக்கொண்டதற்குக் காரணம், தேடுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதே.

சொல்லின் வேருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. ‘மோஹோ’ என்பது கியூபாவில் புளிப்புப் பழச்சாறு சேர்த்துச் செய்யும் ஒரு வகைச் சாற்றுக் குழம்பு. ‘இத்தோ’ என்பது சிறுமை அல்லது செல்லம் குறிக்கும் விகுதி. இரண்டும் சேர்ந்தால் ‘சின்ன மோஹோ’. மற்றொன்று, ‘நனைந்த’ என்று பொருள்படும் ‘மோஹாதோ’விலிருந்து வந்தது என்பது. முதல் விளக்கமே பொருந்தி வருகிறது: மோஹோவுக்கும் மோஹிட்டோவுக்கும் அடிப்படை பழச்சாற்றின் புளிப்பு, விகுதியும் இயல்பாக ஒட்டுகிறது. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ‘எல் டிராக்கே’ என்ற பானத்தின் கதையும் உண்டு. அது பானத்தின் முன்னோரைப் பற்றிய கதை. மோஹிட்டோ என்ற பெயரை அது விளக்குவதில்லை. 1930-களில் ஹவானாவின் மதுக்கூடங்கள் அச்சிட்ட கையேடுகளில் இந்தப் பெயர் இடம்பெற்றுவிட்டது.

கூடவே வரும் இரண்டு பெயர்களையும் பார்த்துவிடலாம். கியூபர்கள் இதில் போடும் இலைக்கு ‘யெர்பா புவேனா’ என்று பெயர். ‘நல்ல மூலிகை’ என்பது பொருள். அது நம் புதினாவுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதே செடி அன்று. புதினா என்ற சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. நாவலைக் குறிக்கும் ‘புதினம்’ ‘புது’ என்ற வேரில் பிறந்த வேறு சொல். அடுத்தது பழம். ஸ்பானிய மொழி வழங்கும் பல நாடுகளில் ‘லிமோன்’ என்றால் மெல்லிய தோலுள்ள சிறிய பழம். ஆங்கிலத்தில் அது ‘லைம்’, ஈழத் தமிழில் தேசிக்காய், தமிழ்நாட்டில் எலுமிச்சை. ‘லெமன்’ என்பது நீண்ட, தடித்த மஞ்சள் தோல் கொண்ட பழம். சமையல் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் எலுமிச்சை என்றே எழுதிவிடுகிறார்கள். மோஹிட்டோவுக்கு வேண்டியது சிறிய பழம். லெமனில் செய்தாலும் பானம் நன்றாகவே இருக்கும், ஆனால் அந்தக் கூர்மையான மணம் வராது.

‘வர்ஜின்’ என்ற அடைமொழியைக் ‘கன்னி மோஹிட்டோ’ என்று பெயர்த்திருப்பதைப் பார்க்க முடிகிறது. அது சொல்லுக்குச் சொல் போட்ட பெயர்ப்பு; படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ‘மாக்டெயில்’ என்ற பொதுப்பெயர் ‘போலி’ என்ற பொருளுள்ள சொல்லையும் காக்டெயிலின் வாலையும் ஒட்டி உண்டாக்கியது. ‘போலிக் கலவை’ என்று அதைத் தமிழாக்கினால் நல்ல பானத்தையே குறை சொல்வதாகிவிடும். பழந்தமிழில் தேடினாலும் எச்சரிக்கை வேண்டும். தேறல், நறவு, பிழி என்று கேட்க அழகான சொற்கள் உள்ளன. ஆனால் மூன்றும் சங்கப் பாடல்களில் கள்ளைக் குறிப்பவை. தெளிவு என்னும் வேர்ப்பொருளை நம்பி, மது இல்லாத பானத்துக்குத் ‘தேறல்’ என்று பெயர் வைத்தால் பொருள் நேர் எதிராகும். ஆகவே மூலப் பானத்தோடு உள்ள உறவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மதுவில்லா மோகித்தோ’ என்று எழுதலாம். வீட்டுச் சமையல் குறிப்பிலும் கடைப் பலகையிலும் ‘புதினா எலுமிச்சைச் சோடா’ போதும். மாக்டெயில் என்ற பொதுப்பெயருக்கு ‘மதுவிலாக் கலவைப் பானம்’ சரியாக இருக்கும்.

இனி, மிக முக்கியமான வினைச்சொல். ஆங்கிலக் குறிப்புகள் எல்லாம் இலையை ‘மட்ல்’ செய்யச் சொல்கின்றன. சேற்றைக் கலக்குதல் என்ற பொருளோடு தொடர்புடைய சொல் அது. அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பலர் இலையைச் சேறாக்கிவிடுகிறார்கள். தமிழ்க் குறிப்புகளிலோ இதற்கு ‘அரைக்கவும்’, ‘இடிக்கவும்’, ‘நசுக்கவும்’ என்று கைக்கு வந்ததைப் போடுகிறார்கள். இவை ஒரே செயல் அல்ல. தமிழ் இவற்றை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது: கசக்குதல், பிசறுதல், நசுக்குதல், இடித்தல், அரைத்தல், பிழிதல். புதினாவுக்கு உரியது கசக்குதல் மட்டுமே. இலை முழுசாக இருக்க வேண்டும், வாசனை மட்டும் வெளியே வர வேண்டும்.

காரணம் இலையின் அமைப்பில் இருக்கிறது. புதினாவின் மணஎண்ணெய் இலையின் உள்ளே ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. மெல்ல அழுத்தினாலே அவை உடைந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே இருக்கும் உயிரணுக்கள் கிழிகின்றன. அப்போது வெட்டிய புல்லின் பச்சை வாடையும் கசப்பும் சேர்கின்றன, நொதிகள் காற்றோடு கலந்து இலையைக் கருக்க வைக்கின்றன. மத்தின் தலையால் இலையை நான்கைந்து முறை அழுத்திச் சற்றே திருப்பினால் போதும். வாசனை மேலெழுந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். பல் பல்லாகச் செதுக்கிய மத்தைவிட, வழவழப்பான தட்டைத் தலை உள்ள மரக் கட்டையே ஏற்றது. மத்து இல்லாவிட்டால் இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போடலாம். மிக்சியில் மட்டும் போடக் கூடாது.

ரம் இல்லாதபோது என்ன குறைகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மணஎண்ணெய்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, ஆல்கஹாலில் நன்றாகக் கரைகின்றன. மூலப் பானத்தில் புதினாவின் மணத்தையும் எலுமிச்சைத் தோலின் மணத்தையும் இழுத்துத் தாங்குவது ரம்தான். அதை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோடாவை ஊற்றினால், வெறும் இனிப்புச் சோடாதான் கிடைக்கும். அந்த இடத்தைச் சர்க்கரையைக் கொண்டு நிரப்பலாம். எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் பிசறி வைத்தால், சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மதுக்கூடக்காரர்கள் இதை ‘ஓலியோ சாக்கரம்’ என்பார்கள். லத்தீனில் எண்ணெய்ச் சர்க்கரை. தோல் பாகு என்றால் தமிழில் விளங்கும்.

தோல் பாகு செய்ய ஐந்து எலுமிச்சைகளை நன்றாகக் கழுவித் துடைத்து, வெளித்தோலை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். 200 கிராம் சர்க்கரையில் அந்தச் சீவலைப் போட்டு விரல்களால் பிசறி, மூடி, இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். சர்க்கரை ஈரமாகி மணக்கத் தொடங்கும். 200 மி.லி. சுடுநீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டி ஆறவிட்டால் ஏறக்குறைய 325 மி.லி. பாகு கிடைக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். புதினாவைப் பாகில் போட்டு வேகவைப்பதும் வேண்டாம். அது கஷாயத்தின் சுவையைக் கொண்டுவரும்.

ஒரு குவளைக்கு அளவு: 350 மி.லி. கொள்ளும் உயரக் குவளை, புதினா இலை 10 முதல் 12 (காம்பு நீக்கியது), தோல் பாகு 25 மி.லி., எலுமிச்சைச் சாறு 25 மி.லி., குளிர்ந்த சோடா 120 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு, குவளை நிறையப் பனிக்கட்டி, மேலே செருக ஒரு புதினாக் கொழுந்து.

இலையையும் பாகையும் குவளையில் போட்டுக் கசக்க வேண்டும். பிறகு சாறு, உப்பு. இந்தக் கட்டத்தில் ஒரு துளி சுவைத்துப் பார்ப்பது நல்லது: சற்று அதிக இனிப்பாகவும் அதிகப் புளிப்பாகவும் தெரிய வேண்டும். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும், சோடாவும் உருகும் பனிக்கட்டியும் இரண்டையும் நீர்க்கச் செய்யும். அடுத்து விளிம்பு வரை பனிக்கட்டி. சோடாவைக் குவளையின் ஓரமாக மெதுவாக ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை மேலே தூக்கிவிட வேண்டும். கொழுந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகலாம். அது அலங்காரம் மட்டும் அன்று. குடிக்கும்போது மூக்குக்கு அருகில் இருப்பது அதுதான். பானத்தின் மணத்தில் பாதி அங்கிருந்தே வருகிறது என்று தோன்றும்.

பாகுக்குப் பதில் சர்க்கரையை அப்படியே போடுபவர்கள் உண்டு. குளிர்ந்த நீரில் அது கரையாமல் அடியில் தங்கும். முதல் மிடறு புளிப்பாகவும் கடைசி மிடறு திகட்டலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. கரையாத துகள்கள் மேல் சோடா விழும்போது வாயு பொங்கி வெளியேறிவிடும். சோடாவே குளிராமல் இருந்தாலும் அதே கதிதான். வெப்பம் கூடக் கூட நீரில் கரிவாயு தங்காது. சோடா ஊற்றிய பின் குலுக்குவதோ பலமுறை கலக்குவதோ கூடாது. பனிக்கட்டியைக் குறைத்தால் பானம் நீர்க்காது என்று நினைப்பது இயல்பு, நடப்பது நேர்மாறு. இரண்டே கட்டி போட்டால் சூடான பானத்தில் அவை விரைந்து உருகித் தண்ணீராகும். குவளை நிறையப் போட்டால் பானம் உடனே குளிர்ந்து, உருகுவது மந்தமாகும். நொறுக்கிய பனி பார்க்க அழகு, ஆனால் விரைவில் உருகும். மெதுவாகக் குடிப்பவர்களுக்குக் கட்டியாகப் போடுவதே நல்லது.

கசப்பு வந்தால் மூன்று இடங்களில் தேட வேண்டும்: கிழிந்த இலை, பழத்தின் வெள்ளைத் தோல், நசுங்கிய விதை. சாற்றை வடிகட்டியே ஊற்ற வேண்டும். எலுமிச்சைத் துண்டுகளைத் தோலோடு போட்டு நசுக்கும் முறையும் வழக்கத்தில் உள்ளது. தோல் பாகு இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை, கசப்பு அபாயம் மட்டுமே மிஞ்சும். உப்பு ஒரு சிட்டிகை சேர்ப்பதும் கசப்பை அடக்கத்தான். உப்புச் சுவை தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

வேறு இலைகளில் செய்யும்போது வினைச்சொல்லும் மாறும். திருநீற்றுப்பச்சை மென்மையானது, புதினாவைப் போலக் கசக்கினால் போதும். ஏழெட்டு இலைகளுக்கு மேல் போட்டால் கிராம்பு வாடை மிகும். எலுமிச்சைப்புல்லின் தண்டு நார் நிறைந்தது. அதை இடித்துச் சுடுபாகில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். ரோஸ்மேரியைக் கசக்கினால் பிசின் வாடை வரும். ஒரு சிறு கிளையைச் சூடான பாகில் பத்து நிமிடம் போட்டு எடுத்துவிட வேண்டும். இஞ்சியைத் துருவிப் பிழிந்து, குவளைக்கு 5 மி.லி. சாறு விடலாம். ரம்மின் காரம் இல்லாத குறையை இது நன்றாகவே ஈடுசெய்யும். பெப்பர்மின்ட் இலையை மட்டும் இதில் தவிர்க்கச் சொல்வோம். அதில் மென்தால் அதிகம். எலுமிச்சையோடு சேர்ந்தால் பற்பசையின் நினைவு வந்துவிடும். சாதாரணப் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற வேறு பொருள்.

ஆறு பேருக்கு என்றால் சாறு 150 மி.லி., பாகு 150 மி.லி. இரண்டையும் முன்கூட்டியே கலந்து குளிரூட்டியில் வைக்கலாம். சாறு அன்றைக்கே பிழிந்ததாக இருக்க வேண்டும். புதினாவை அதில் போட்டு வைக்கக் கூடாது: எலுமிச்சையின் அமிலம் பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தைப் பிரித்துவிடும், இலை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே மங்கிப் பழுப்புப் பச்சையாகத் தொடங்கும். பரிமாறும் நேரத்தில் குவளைக்குக் குவளை இலையைக் கசக்கி, கலவையில் 50 மி.லி. ஊற்றி, பனிக்கட்டியும் சோடாவும் சேர்க்க வேண்டும். தோல் பாகு மட்டும் மூடிய சுத்தமான புட்டியில் குளிரூட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

வெளியே வெயிலில் விருந்து நடக்கிறது என்றால், பழம் பிழியும் வேலையை உள்ளேயே முடித்துவிடுங்கள். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் நம் உடல் தோலில் பட்டு, அதன் மேல் வெயில் விழுந்தால் சிவந்து கொப்புளம் எழும். ஆறிய பிறகும் கருமைத் தழும்பு சில வாரங்கள் நிற்கும். பிழிந்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு, விரலிடுக்கு வரை கழுவிவிட்டு வெளியே போக வேண்டும்.