வட்ட முத்திரையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்ற ஆண்டு தாம்பரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், திட்ட அனுமதி, வரைபடம் என எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருந்தார். தன் இரண்டு கிரவுண்டு நிலத்தில் எட்டு வீடுகள் கட்டுவதற்காக ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துடன் கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் (நிலம் இவருடையது, கட்டுவது நிறுவனம், வீடுகளில் இருவருக்கும் பங்கு) போட்டு, பவர் பத்திரமும் பதிந்து கொடுத்திருந்தார். இரண்டாம் தளத்துக் கூரையோடு வேலை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

நிறுவனத்தின் பங்கில் வீடு வாங்க வந்தவர்கள் வங்கிக் கடன் கேட்டார்கள். வங்கியின் வழக்கறிஞர் ஒரே கேள்வி கேட்டார்: “இயக்குநர் குழுத் தீர்மானம் எங்கே?” இந்த ஆவணங்களில் கையெழுத்திட இயக்குநர்கள் கூடி ஒப்புதல் தந்ததற்கான பதிவு அது. அப்படி ஒன்று கிடையாது. அந்த நிறுவனத்துக்கு இரண்டே இயக்குநர்கள், மச்சானும் மாப்பிள்ளையும். ஒப்பந்தம், பவர் பத்திரம் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டவர் மச்சான் மட்டுமே. பக்கத்துக்குப் பக்கம் நிறுவனத்தின் பெயரோடு வட்ட முத்திரை பளிச்சென்று இருந்தது. அந்த முத்திரையை எந்தக் கடையிலும் செய்து வாங்கலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனங்களுக்குப் பொது முத்திரையே கட்டாயமில்லை.

நான் கம்பெனி செக்ரட்டரி, அதாவது நிறுவனங்களின் சட்ட நடைமுறைகளைக் கவனிப்பவன். கட்டடம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்தது, ‘ஆர்ட்டிகிள்ஸ்’ எனப்படும் நிறுவனத்தின் உள்விதிகள். பெரும்பாலான நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள மாதிரி விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். சில குடும்ப நிறுவனங்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் கூடுதலாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். இவர்கள் சேர்த்திருந்த வரி: அசையாச் சொத்து தொடர்பான எந்த ஆவணத்திலும் இரு இயக்குநர்களும் இணைந்து கையெழுத்திட வேண்டும்.

“சார், அவர்கள் வீட்டுக்குள் எழுதிவைத்ததை நான் எப்படி அறிவேன்?” என்றார் ஆசிரியர். நியாயமான கேள்விதான். ஆனால் ஆர்ட்டிகிள்ஸ் வீட்டுக்குள் இருக்கும் காகிதம் அல்ல. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். இயக்குநர்கள் யார், சொத்துகள் மீது என்ன அடமானம் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். சட்டம் இங்கே நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது. ‘குழுவின் ஒப்புதலோடு இயக்குநர் கையெழுத்திடலாம்’ என்று விதி இருந்தால், அந்த ஒப்புதல் கிடைத்திருக்கும் என்று வெளியாள் நல்லெண்ணத்தோடு நம்பலாம். உள்ளே கூட்டம் நடந்ததா என்று அவர் துருவ வேண்டியதில்லை. ஆனால் ‘இருவர் கையெழுத்து’ என்று பொது ஆவணத்திலேயே எழுதியிருந்தால், படிக்கவில்லை என்று சொல்லித் தப்புவது கடினம். அதை நீங்கள் அறிந்தவராகவே நீதிமன்றம் கருத இடமுண்டு.

பில்டர் கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 19-இன்படி, நிறுவனத்தின் அசையாச் சொத்தை மாற்றித்தரும் அதிகாரம் ஒரு கூட்டாளிக்குத் தானாக வந்துவிடாது. எழுத்தில் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

திட்ட அனுமதியும் ஆசிரியரைக் காப்பாற்றவில்லை. நிலமும் கட்டடமும் விதிக்கு உட்பட்டவையா என்று மட்டுமே அது பார்க்கும். பில்டர் தரப்பில் யாருக்குக் கையெழுத்து அதிகாரம் என்பது அதன் வேலை அல்ல. வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமோ, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு தேவையில்லை என்கிறது. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே இயக்குநர் குழுத் தீர்மானத்தை முன்கூட்டியே கேட்க எந்த அலுவலகமும் இல்லாமல் போயிற்று. பெரிய திட்டங்களில் நிலம் கொடுப்பவர்கள் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கட்டுபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் இருவருமே ‘புரமோட்டர்’ (திட்டத்துக்குப் பொறுப்பானவர்), பொறுப்பும் கூட்டாகத்தான் என்கிறது ரெரா. தன் பங்கு வீடுகளை விற்கும் நில உரிமையாளரும் அதில் சிக்கலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் கைபேசியில் படம் காட்டினார். பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளிக்குள் ஒரு பால்கனி இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. அனுமதி வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அதில் அந்தப் பால்கனியே இல்லை. “பில்டர்தானே கட்டினார்?” என்றார். ஆனால் அனுமதி வாங்கியது ஆசிரியர் பெயரில். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் விதிமீறலுக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் தட்டப்படும் கதவு நில உரிமையாளருடையது. அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

வழக்குக்குப் போனால் ஆண்டுகள் ஓடும் என்று, மாப்பிள்ளையோடு பேசினோம். முதலில் பிடி கொடுக்கவில்லை. நிறுவனப் பங்கில் ஒரு வீட்டைத் தனக்கு ஒதுக்கினால் பழைய ஆவணங்களுக்கு ஒப்புதல் தருகிறேன் என்றார். மச்சான் மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கி வந்தார். இயக்குநர் குழு கூடித் தீர்மானம் போட்டது. இருவரும் கையெழுத்திட்டுத் துணை ஆவணம் ஒன்றைப் பதிவுசெய்தோம். பால்கனியை இடித்த செலவு நிறுவனத்தின் கணக்கில். வாடகை வீட்டில் காத்திருந்த மாதங்களுக்கு ஆசிரியருக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. அடுத்த முறை வந்தபோது அதே மஞ்சள் பை, அதே கோப்பு. தாய்ப்பத்திரம் இரண்டாவது உறைக்குப் போயிருந்தது.